தொலைநோக்கியில் முதல் கோளைப் பிடிப்பது எப்படி? வேலை பகலிலேயே தொடங்குகிறது

தொலைநோக்கி வாங்கி மூன்று வாரம் ஆகியும் ஒரு கோள்கூட எனக்கு அகப்படவில்லை. வெறும் கண்ணுக்கு வியாழன் பளிச்சென்று தெரியும். குழாயை அதன் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தால் ஒரே இருட்டு. தேடுநோக்கியை (குறிபார்ப்பதற்காகப் பெரிய குழாயின் மேல் இருக்கும் சிறு தொலைநோக்கி) பெரிய குழாயோடு ஒரே திசையைப் பார்க்கும்படி பொருத்தாததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆகவே அந்தப் படியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1. முதலில் வெறும் கண்

எந்த விண்மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்டெல்லேரியம் செயலி போதும். திருவாதிரையும் ரோகிணியும் செம்மஞ்சளாக மின்னுவதையும், கார்த்திகை சிறு கொத்தாகத் தெரிவதையும் பழகிக்கொள்ளுங்கள். விண்மீன்கள் நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். ஒரு மாதத்தில் அது 2 மணி நேரமாகிவிடும்.

2. கருவி

கையில் பணம் குறைவென்றால் 10×50 (10 மடங்கு, 50 மி.மீ. வில்லை) பைனாகுலரே வாங்குங்கள். ஆட்டம் காணும் முக்காலியோடு வரும் மலிவுத் தொலைநோக்கியைவிட அது எவ்வளவோ மேல். தொலைநோக்கிதான் வேண்டுமென்றால் 150 மி.மீ. டாப்சோனியனை (எளிய சுழலும் பெட்டியின் மேல் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) சொல்வேன். பெட்டியில் ‘500 மடங்கு’ என்று அச்சடித்திருந்தால் தொடாதீர்கள். ஆடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை; 70 மி.மீ. கருவிக்கு 140.

3. தேடுநோக்கியைப் பொருத்துதல்

1200 மி.மீ. குவியத்தூரமுள்ள குழாயில் 25 மி.மீ. கண்வில்லையை (கண்ணை வைத்துப் பார்க்கும், மாற்றிப் போடக்கூடிய சிறு வில்லை) போட்டால் 48 மடங்கு (1200 ÷ 25) பெரிதாகும். அதில் தெரியும் வானம் ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலவு அகலம். தேடுநோக்கி ஒரு பாகை பிசகியிருந்தாலே கோள் வெளியே போய்விடும்.

இதைப் பகலில் செய்யுங்கள். சூரியன் இருக்கும் திசைப் பக்கமே திரும்பாதீர்கள். பெரிய குழாயோ தேடுநோக்கியோ, ஒரு கணம் அதன் வழியே சூரியனைப் பார்த்தாலும் பார்வை போய்விடும்.

ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் கோபுர உச்சியையோ கம்பத்து நுனியையோ தேர்ந்தெடுங்கள். முதலில் பெரிய குழாயில், 25 மி.மீ. கண்வில்லையில், அந்த நுனியை நட்டநடுவில் கொண்டுவாருங்கள். தலைகீழாகத்தான் தெரியும், அது இயல்பு. இனிக் குழாயை அசைக்கவே கூடாது. தேடுநோக்கியில் பார்த்தபடி அதன் திருகுகளை மட்டும் திருப்பி, குறுக்குக் கோடுகளை அதே நுனியில் நிறுத்துங்கள். பிறகு 10 மி.மீ. கண்வில்லைக்கு மாறி இன்னொரு முறை சரிபாருங்கள்.

நான் பொருத்தியது 20 மீட்டர் தூரத்துச் சுவரைப் பார்த்து. என் கருவியில் இரண்டு குழாய்களுக்கும் இடைவெளி 15 செ.மீ. அவ்வளவு கிட்டத்தில் இரண்டையும் ஒரே புள்ளியில் குவித்தால், வானத்தில் அவை கிட்டத்தட்ட அரைப் பாகை விலகிவிடும். 25 மி.மீ. கண்வில்லையில் வியாழன் ஓரத்திலாவது தட்டுப்பட்டிருக்கும். பெரிதாகத் தெரியட்டுமென்று நான் எப்போதும் 10 மி.மீ. போட்டேன்; அதில் தெரியும் வானம் இன்னும் குறுகல் என்பதால் அதுவும் இல்லாமல் போயிற்று.

4. இரவில்

அரை மணி நேரம் முன்பே கருவியை வெளியே வைத்து ஆறவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகவும் 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெளிச்சம் தேவைப்பட்டால் மங்கலான சிவப்பு விளக்கு. தேடுநோக்கியின் நடுவில் வியாழனை நிறுத்திவிட்டுப் பெரிய குழாயில் பாருங்கள்.

சரியாகப் பொருத்திய பிறகு, முதல் இரவில் எனக்கு ஒரு சின்ன வெண்வட்டமும், அதன் இருபுறமும் நூல் பிடித்ததுபோல் மூன்று புள்ளிகளும் தெரிந்தன. 1610 ஜனவரியில் கலிலியோ கண்டறிந்த நான்கு நிலவுகளில் மூன்று அவை. நான்காவது மறுநாள்தான் தென்பட்டது. கண்ணை எடுக்க மனமே வரவில்லை. பூமி சுழல்வதால் 48 மடங்கில் கோள் நாலைந்து நிமிடத்தில் நகர்ந்து வெளியேறிவிடும். குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ‘நடுவில் கருப்புத் துளையோடு பெரிய வட்டம் தெரிகிறது, இது எந்தக் கோள்?’ என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது குவியம் சரியில்லாத விண்மீன். கருப்புத் துளையாகத் தெரிவது குழாயின் வாய்ப்பக்கம் உள்ள சிறு ஆடியின் நிழல். குவியத் திருகைத் திருப்பத் திருப்ப வட்டம் சுருங்கும். விண்மீன் ஊசிமுனை அளவுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். வட்டம் பெரிதாகத் தொடங்கினால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.