கண்ணோரச் சுருக்கத்துக்கு ஊசியா? ஒரு மாதம் முன்பே போடுங்கள்
திருமணம் போன்ற நிகழ்ச்சிக்காகக் கண்ணோரச் சுருக்கங்களுக்கு போடாக்ஸ் (தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்து) ஊசி போட்டுக்கொள்ள விரும்புவோர், குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே தோல் மருத்துவரிடம் அதைப் போட்டு முடித்துவிடுவது நல்லது. தசை தளர்ந்து முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 2 வாரங்கள் ஆகும். கண்ணைச் சுற்றியுள்ள தோல் மிக மெல்லியது என்பதால் ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கன்றி நீலமாகத் தெரிந்தால் அது மறையவும், சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் மருத்துவர் சிறிதளவு மருந்து சேர்த்துச் சரிசெய்யவும் மீதி நாட்கள் கைகொடுக்கும். பலன் பொதுவாக 3 முதல் 4 மாதங்கள் நிற்பதால், முன்கூட்டிப் போடுவதில் இழப்பு ஏதும் இல்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்கள், அந்த இடத்தில் தோல் தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஊசி பொருந்தாது. ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால், ஒரு நாள்கூடப் பொறுத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.