ஆட்டோமேட்டிக் காருக்கு ஆயில் கூலர்: எந்தப் பைப்பில் வெட்டுவது?

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏசி போட்டு நான்கு பேர் ஏறினால், என் பழைய ஆட்டோமேட்டிக் பாதி மலையிலேயே கியர் மாற முரண்டு பிடிக்கும். கியர் பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவினால் கருகின வாசனை. அந்த ஆயிலை மாற்றிவிட்டு, அதன் சூட்டைக் காற்றில் ஆற்றும் கூலரையும் நானே மாட்டினேன். ஒரு முறை தப்பாக, மறுமுறை சரியாக.

கூலரில், வளைத்த குழாயில் தகடு செருகிய மலிவு ரகம் வேண்டாம். தட்டுத் தட்டாக அடுக்கிய ரகம் வாங்குங்கள். பம்பரைக் கழற்றி, ஏசி கண்டென்சருக்கு முன்னால் விரல் நுழையும் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கூடவே தரும் பிளாஸ்டிக் டையைக் கண்டென்சருக்குள் குத்திக் கட்டவே கட்டாதீர்கள். அதிர அதிர உரசி ஓட்டை விழும், ஏசி கேஸ் போய்விடும். நான் இரண்டு அலுமினியப் பட்டையை வளைத்து மேல் சட்டத்தில் போல்ட் போட்டேன்.

இனிதான் நான் கோட்டை விட்ட இடம். ரேடியேட்டர் டேங்குக்குள்ளேயே ஒரு சின்ன கூலர் உண்டு. கியர் பாக்ஸில் இருந்து ஒரு பைப் அதற்குப் போகும், இன்னொன்று திரும்பி வரும். புதுக் கூலர் திரும்பும் பைப்பில் உட்கார வேண்டும். நான் கைக்கு எட்டியதை வெட்டினேன். அது போகும் பைப். கூலர் ஆற்றிக் கொடுத்த ஆயிலை ரேடியேட்டர் தண்ணீர் மறுபடி சூடாக்கி அனுப்பியது!

கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டரில் ஒரு ஹோஸை மட்டும் கழற்றுங்கள். ஹோஸ் முனையை ஒரு பாட்டிலில் விடுங்கள். ஹோஸ் கழன்ற ரேடியேட்டர் முனையில், அதாவது நிப்பிளில், துண்டு ஹோஸ் மாட்டி இன்னொரு பாட்டிலில் விடுங்கள். கியர் பார்க்கிங்கில், ஹேண்ட்பிரேக் இழுத்து, யாரையாவது ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று விநாடியில் அணைக்கச் சொல்லுங்கள். ஆயில் ஹோஸில் வந்தால் அது போகும் பைப். நிப்பிளில் வந்தால் கழற்றியதுதான் திரும்பும் பைப். அந்த நிப்பிளில் இருந்து கூலருக்கு, கூலரில் இருந்து கழற்றிய ஹோஸுக்கு. அவ்வளவுதான்.

பெட்ரோல் ஹோஸ் போடாதீர்கள். கியர் ஆயிலுக்கென்றே விற்கும் ஹோஸ் வேண்டும். பைப் முனையில் சின்ன விளிம்பு இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் நழுவலாம்.

பிறகு அதே ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவு பாருங்கள். இன்ஜின் ஓடும்போதா, அணைத்த பிறகா என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை: கியர் பாக்ஸ் மேலேயே தண்ணீரில் ஆற்றும் பெட்டி உள்ள வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது.

இன்னொன்று: ஒரு நண்பரின் டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல், கட்டி இழுக்காமல், லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ரேடியேட்டரையும் கியர் பாக்ஸையும் பார்த்த பிறகுதான் புதுக் கூலர்.