வீட்டு மரத்துல கிச்சன் கபோர்டு செய்யப் போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

நம்ம தோட்டத்துல நின்ன மரத்தை அறுத்து அதுலயே கிச்சன் கபோர்டு செஞ்சுக்கணும்னு நினைக்கிறது ரொம்ப நல்ல ஆசைங்க, கடையில வாங்குற பலகையில கிடைக்காத அகலமும் ரேகையும் அதுல கிடைக்கும், அதுவும் தாத்தா வச்ச மரம்னா சொல்லவே வேணாம். ஆனா இதுல வேலை கெட்டுப்போறது பெரும்பாலும் கைவேலை சரியில்லாததால இல்ல, மரத்துல இருக்குற ஈரம் போறதுக்குள்ள நாம அவசரப்படுறதாலதான். நானும் காத்துல சாஞ்ச ஒரு மாமரத்தை அறுத்து ஆறு மாசம் ஷெட்டுல சாத்தி வச்சேன், தொட்டுப் பார்த்தா நல்லா காஞ்ச மாதிரி இருந்துச்சு, கதவு செஞ்சு மாட்டினேன், நாலே மாசத்துல ரெண்டு கதவு நடுவுல வெடிச்சுது, ஒண்ணு முறுக்கிக்கிட்டு மூடவே இல்ல. அந்த மரம் இனிமே திரும்ப வராதுங்கறதுதான் இன்னைக்கு வரைக்கும் மனசுல நிக்குது.

முதல் தப்பு மரம் சாய்ஞ்ச அன்னைக்கே ஆரம்பிச்சுடும். தடியை பட்டையோட மண்ணுலயே போட்டு வச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடுவோம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல இருக்குற வரைக்கும் பூஞ்சைக்கு அது விருந்து, வெக்கையான நேரம்னா சில வாரத்துலயே நீலமா கறுப்பா கறை ஏறிடும், பட்டைக்கு அடியில பூச்சியும் குடியேறிடும். முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம் அறுத்துடுங்க. அதுக்கு முன்னாடி வெட்டின உடனே ரெண்டு முனையிலயும் கெட்டியா பெயிண்டோ மெழுகோ பூசிடுங்க, ஏன்னா பலகையோட பக்கத்தை விட முனை வழியா தண்ணி பத்து பதினஞ்சு மடங்கு வேகமா போகும், முனை மட்டும் முதல்ல சுருங்கி உள்ள வரைக்கும் வெடிப்பு ஓடும்.

அறுக்குறப்போ மூணு விஷயம். வீட்டுப் பக்கத்து மரம்னா ஆணி, கம்பி, கொடி கட்டின கொக்கி எல்லாம் உள்ள புதைஞ்சு கிடக்கும், மெட்டல் டிடெக்டர் வச்சு பாத்துட்டு அப்புறம் ரம்பத்துல ஏத்துங்க. 19 எம்எம் கதவு வேணும்னா 28 எம்எம்மாவது கனமா அறுக்கணும், சுருங்கி இழைச்சு போக மிச்சம் அவ்வளவுதான் வரும். தடியோட நட்டநடுவுல ஓடுற குருத்து இருக்குற பலகை எவ்வளவு அழகா இருந்தாலும் கதவுக்கு எடுக்காதீங்க, அது வெடிக்காம இருக்காது. சாஞ்சு வளர்ந்த தடி, பெரிய கிளை இதுல எடுத்த பலகையும் அப்படித்தான், உள்ளுக்குள்ள இழுவிசை இருக்கும், அறுக்க அறுக்க வளையும்.

அடுக்குறதுலதான் நான் நிறைய பேரோட மரம் வீணாப் போனதை பாத்திருக்கேன். சுவத்துல சாத்தி வைக்கவே கூடாது. தரையில இருந்து ஒரு அடியாவது உயரத்துல மட்டம் பார்த்து கட்டை போட்டு, ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல ஒரே கனத்துல இருக்குற காஞ்ச ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வச்சு, ஒன்றரை அடிக்கு ஒண்ணுன்னு வச்சு, கீழ இருந்து மேல வரைக்கும் எல்லா ரீப்பரும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி அடுக்கணும். அந்த நேர்கோடு தப்பினா மேல இருக்குற பாரம் கீழ இருக்குற பலகையை வளைச்சுடும், அந்த வளைவோடயே காஞ்சுடும், அப்புறம் எவ்வளவு இழைச்சாலும் நேராகாது. மேல தகடு போட்டு மழையை தடுங்க, பக்கத்துல தார்ப்பாய் சுத்தாதீங்க, காத்து ஓடணும். உச்சியில கனமான கல்லு ஏத்தி வைங்க.

இப்ப பெரிய தப்புக்கு வரேன், கையால தொட்டுப் பார்த்து "காஞ்சுடுச்சு"ன்னு சொல்றது. பச்சை மரத்துல தண்ணி ரெண்டு இடத்துல இருக்கு, செல்லுக்குள்ள தேங்கி நிக்குறது ஒண்ணு, செல் சுவர்ல ஊறிக் கிடக்குறது இன்னொண்ணு. தேங்கின தண்ணி போறப்போ எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு கீழ இறங்கினதுக்கு அப்புறம்தான் சுவர்ல இருக்குற தண்ணி போக ஆரம்பிச்சு மரம் சுருங்கும். அதனாலதான் முதல் சில மாசம் பலகை அப்படியே நேரா நின்னு நம்மள நம்ப வைக்குது. ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது குத்துமதிப்புதான், மரத்தையும் இடத்தையும் பொறுத்து மாறும், ஈரம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. அதையும் மேல குத்திப் பாக்காதீங்க, முனையில இருந்து ரெண்டு அடி உள்ள தள்ளி குறுக்க வெட்டி, அந்த புது வெட்டோட நடுவுல குத்துங்க. மீட்டர் இல்லன்னா ஒரு துண்டு வெட்டி எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ்ல ஓவன்ல வச்சு, எடை குறையறது நிக்குற வரைக்கும் காய வைங்க, போன எடையை காஞ்ச எடையால வகுத்து நூறால பெருக்கினா ஈர சதவீதம் வந்துடும். எவ்வளவு வரணும்? உங்க வீட்டுக்குள்ள பல வருஷமா இருக்குற பழைய மர சாமானை மீட்டர்ல பாருங்க, அதே அளவுக்கு உங்க பலகையும் வரணும். வெளிய நிழல்ல மட்டும் காஞ்சது பெரும்பாலும் அந்த அளவுக்கு வராது, கடைசியா சில வாரம் ரீப்பர் வச்சு வீட்டுக்குள்ளயே அடுக்கி வைக்கணும்.

காஞ்சுட்டா மரம் அசையாதுன்னு நினைக்கிறது அடுத்த தப்பு. காத்துல ஈரம் ஏறினா விரியும், இறங்கினா சுருங்கும், அது நிக்கவே நிக்காது. ரொம்ப அடக்கமான மரம்னு பேர் வாங்கின தேக்கையே எடுத்துக்கோங்க, பச்சையில இருந்து முழுசா காயறதுக்குள்ள மரத்தோட வளர்ச்சி வளையத்தை ஒட்டின திசையில 5.8 சதவீதம் சுருங்கும், அதுக்கு குறுக்கு திசையில 2.5 தான், நீளத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. 400 எம்எம் அகல பலகையில ஈரம் 5 சதவீதம் மாறினா கிட்டத்தட்ட 4 எம்எம் அசையும்னு வைங்க. அந்த நாலு எம்எம்முக்கு இடம் விடாம நாலு பக்கமும் பசை போட்டு அடைச்சா எங்கயாவது வெடிச்சுத்தான் தீரும். அதனால கதவை சட்டம் போட்டு செய்யுங்க, நடுப் பலகை சட்டத்துல வெட்டின காடிக்குள்ள (பள்ளத்துக்குள்ள) பசை இல்லாம சும்மா நிக்கட்டும், பக்கத்துக்கு ரெண்டு மூணு எம்எம் இடைவெளி விட்டு. மாட்டுறதுக்கு முன்னாடியே அந்த பலகைக்கு பாலிஷ் போட்டுடுங்க, இல்லன்னா சுருங்குறப்போ பாலிஷ் படாத வெளுப்புக்கோடு வெளிய தெரியும். முன்னாடி ரெண்டு கோட் போட்டா பின்னாடியும் ரெண்டு கோட், இதுல சோம்பல் பட்டீங்கன்னா கதவு ஒரு பக்கமா வளையும்.

உள்பெட்டி முழுசும் அதே மரத்துல செய்யணும்னு அடம் பிடிக்காதீங்க. பெட்டிக்கு தண்ணி தாங்குற ப்ளைவுட், கண்ணுக்குத் தெரியுற கதவு, சட்டம், டிராயர் முகப்புக்கு நம்ம மரம்னு பிரிச்சா மரமும் மிச்சம், பெட்டியும் நேரா நிக்கும். இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

உளு விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க. உளுப்பூச்சிக்கு வேணுங்கற மாவுச்சத்து வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியிலதான் இருக்கு, வைரம் பாய்ஞ்ச பகுதியை அது பெரும்பாலும் தொடாது, அதனால வெள்ளையை கழிச்சுடுறது நல்லது. நிழல்ல காய வச்சா பூச்சி செத்துடும்னு நம்பாதீங்க. நாடு விட்டு நாடு போற மரப்பெட்டிகளுக்கு ஐஎஸ்பிஎம் 15னு ஒரு விதி இருக்கு, மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிஷம் நிக்கணும்னு அது சொல்லுது, மரம் காய வைக்குற சூளையில குடுக்க வழி இருந்தா அந்த அளவு சூட்டை கேட்டு செஞ்சுக்கோங்க. இல்லன்னா பச்சையா இருக்கும்போதே போரேட் (போரான் உப்பு) கரைசல் பூசுங்க, மழை படாம பாத்துக்கணும், தண்ணியில கரைஞ்சு போயிடும்.

இழைக்குறப்போ ஒரே மூச்சுல கடைசி அளவுக்கு போகாதீங்க, கொஞ்சம் கனம் விட்டு இழைச்சு, சில நாள் ரெண்டு பக்கமும் காத்து படுற மாதிரி நிறுத்தி வச்சு, வளையறது வளைஞ்சதும் மிச்சத்தை இழைங்க. மாஸ்க் கண்டிப்பா போடுங்க, மரத்தூள் கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி 1995லயே முதல் வகையில சேர்த்திருக்கு. சிங்க் பக்கத்துல இரும்பு ஸ்க்ரூ வேணாம், துவர்ப்பு இருக்குற மரத்துல இரும்பும் ஈரமும் சேர்ந்தா கறுப்பா கறை பிடிக்கும், பித்தளையோ ஸ்டெயின்லெஸ்ஸோ போடுங்க.

மரம் காயற வரைக்கும் சமையலறை சும்மா கிடக்குமேன்னு நினைச்சுத்தான் எல்லாரும் அவசரப்படுறாங்க. ப்ளைவுட் பெட்டியை மட்டும் முதல்ல செஞ்சு மாட்டி, கதவு இல்லாமலே சமைக்க ஆரம்பிச்சுடுங்க, பலகை அளவுக்கு வந்ததும் கதவை அப்புறமா மாட்டிக்கலாம்.