இலையை அறுத்துப் பார்ப்பதில் எங்கே தவறுகிறோம்?

செங்கோட்டையானாலும் புனலூரானாலும் மருந்துக் கடைக்கு வரும் ஆடாதோடை பெரும்பாலும் காய்ந்து நொறுங்கித்தான் வருகிறது. பூவில்லை, காயில்லை. பெருமரம் என்ற வேறொரு மரத்தின் இலை அதில் கலந்திருந்தால் வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். நுண்ணோக்கி பிரித்துக் காட்டும். ஆனால் பார்க்கிறவர் அவசரப்பட்டால் அதுவும் உதவாது.

பெரிய தவறு, எடுத்த எடுப்பிலேயே அமிலத்தைக் கையிலெடுப்பது. ஆடாதோடை இலையில் சிஸ்டோலித் எனப்படும் நீண்ட சுண்ணாம்புக் கட்டிகள் உண்டு. பெருமரத்தில் அவை கிடையா. அவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. மரத்தன்மையுள்ள செல்கள் சிவக்க வேண்டும் என்று ஃபுளோரோகுளுசினால் என்ற வேதிப்பொருளையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் முதலிலேயே விட்டால், கட்டிகள் நுரைத்துக் கரைந்துவிடும். பிறகு நல்ல ஆடாதோடையைப் போலி என்று தள்ளிவிடுவோம். முதலில் நீரிலோ கிளிசரினிலோ வைத்துப் பாருங்கள். கட்டி தெரிந்த பிறகு கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். கட்டியிலிருந்து குமிழ்கள் கிளம்பினால் அது கார்பனேட். இலைகளில் காணப்படும் இன்னொரு வகையான கால்சியம் ஆக்சலேட் படிகம் குமிழி விடாமல் கரையும்.

சிஸ்டோலித் கிடைத்ததும் "ஆடாதோடைதான்" என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. நிலவேம்பிலும் அது உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். இலைத்துளையை, அதாவது இலை மூச்சுவிடும் நுண்துளையை, குறுக்காக அணைத்து நிற்கும் இரண்டு துணைச்செல்களும் அப்படித்தான்: குடும்பத்தைச் சொல்லும், செடியைச் சொல்லாது. கேரள வைத்தியர்கள் விரும்பும் சிற்றாடாதோடை நெருங்கிய உறவு என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். பூத்த செடியில் பெயர் உறுதி செய்து பறித்த இலையின் சீவலை, அதாவது மெல்லியதாக அறுத்த துண்டை, பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் நான் எதையும் எழுதித் தருவதில்லை.

எண்ணுவதிலும் சறுக்குகிறோம். ஆரியங்காவின் மலைநிழலில் வளர்ந்த செடியையும் தென்காசி வெயிலில் வளர்ந்த செடியையும் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை இலைத்துளை என்று ஒப்பிட்டால், ஒரே இனமே இரண்டாகத் தெரியும். நிழல் இலையில் செல்கள் விரிந்து துளைகள் விலகி நிற்கும். அதனால்தான் 1927இல் தாவரவியலாளர் சாலிஸ்பரி இலைத்துளைக் குறியீட்டைக் கொண்டுவந்தார். துளைகளின் எண்ணிக்கையை, துளைகளும் புறத்தோல் செல்களும் சேர்ந்த தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். இது அவ்வளவாக மாறாது. திருநெல்வேலியின் பெயரால் உலகச் சந்தை அறியும் நிலாவரைக்கு (சென்னா) இது 14 முதல் 20 வரை. அலெக்சாண்டிரியா வகைக்கு 10 முதல் 15 வரை. இரு வீச்சுகளும் 14, 15இல் தொட்டுக்கொள்கின்றன. ஆகவே ஒரே இடத்தில் எண்ணிவிட்டு எழுந்துவிடாதீர்கள். முதிர்ந்த இலையில், நடுநரம்புக்கும் விளிம்புக்கும் இடையே, பல இடங்களில் எண்ணுங்கள்.

நிலாவரையில் பாலிசேடு செல்கள், அதாவது தூண்போல் வரிசையாக நிற்கும் பச்சைய செல்கள், இலையின் மேலும் கீழும் இருக்கும். சீவல் பாதியில் கிழிந்திருந்தால் இது தெரியாமலே போகும். நடுநரம்பு வராத சீவலை அப்போதே ஒதுக்கிவிட்டு வேறொன்று சீவுங்கள். தூவிகள் (இலைமேல் உள்ள நுண்மயிர்கள்) இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். முதிர்ந்த இலையில் அவை உதிர்ந்து தழும்பு மட்டும் எஞ்சியிருக்கலாம், அந்தத் தழும்பைத் தேடுங்கள்.