காசு கொடுத்துப் பாட்டு இறக்குகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

பாட்டு ஆப்புக்கு மாதச் சந்தா கட்டி, கரையில் இருக்கும்போதே நூறு இருநூறு பாட்டை இறக்கிக்கொண்டு தங்கு கடலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருப்பார்கள், போன பிறகு ஒருநாள் ஆப்பைத் திறந்தால் அத்தனை பாட்டும் மங்கிப்போய் நிற்கும், தொட்டால் நெட்டை ஆன் செய்யச் சொல்லும். குமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் மீன்பிடி போட்டுக்குப் போகிற பையன்கள் இதைச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். காசு கட்டியும் பாட்டு கேட்க முடியவில்லை என்றால் எரிச்சல் வரத்தானே செய்யும், அதோடு பலர் பழையபடி திருட்டுப் பாட்டுக்கே போய்விடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

நடப்பது இதுதான். ஸ்பாட்டிஃபை மாதிரியான ஆப்களில் இறங்குவது பூட்டுப் போட்ட கோப்பு, அந்த ஆப்பைத் தவிர வேறு எதிலும் ஓடாது. சந்தா இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆப் நெட்டைத் தொட்டாக வேண்டும், இல்லையென்றால் இறக்கியதெல்லாம் நின்றுவிடும். அதனால் கடலுக்குக் கிளம்புகிற அன்றைக்கே நெட்டை ஆன் செய்து ஆப்பைத் திறந்து, இறக்கிய பாட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் சந்தாவை நம்பவே வேண்டாம், ஒவ்வொரு பாட்டாக விலைக்கு வாங்கி பென்டிரைவில் போட்டுக்கொண்டு போவதுதான் சரி. கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை, கீழே இறங்கினால் சிக்னல் கிடைத்துவிடும், அவர்களுக்குச் சந்தாவே போதும்.

அடுத்தது விலைக்கணக்கு. பாட்டை விலைக்கு விற்கிற ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது பெரும்பாலான பாட்டு 15 ரூபாய்க்குள் இருந்தது. "ஒரு பாட்டுக்குப் பதினைந்து ரூபாயா, சந்தா கட்டினால் கோடிப் பாட்டு கிடைக்குமே" என்றுதான் எல்லோரும் உடனே சொல்கிறார்கள். கோடிப் பாட்டை யார் கேட்கப்போகிறார்கள்? சந்தா மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 1,200, கட்டுவதை நிறுத்திய அன்றைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. திரும்பத் திரும்ப அதே அறுபது பாட்டைக் கேட்கிற ஆளுக்கு, பதினைந்து ரூபாய் வீதம் வாங்கினாலும் 900 ரூபாயோடு முடிந்தது, அதற்குப் பிறகு அந்தப் பாட்டு அவருடையது. வாராவாரம் வருகிற புதுப் பாட்டை எல்லாம், தமிழ் மலையாளம் என்று பார்க்காமல் கேட்டுத் தள்ளுகிறவருக்குச் சந்தாதான் லாபம். நம் மாவட்டத்தில் அப்படிக் கேட்கிறவர்களும் ஏராளம். முதலில் நீங்கள் எந்த ரகம் என்று பாருங்கள், அப்புறம் காசை எடுங்கள்.

விலைக்கு வாங்கியவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு: கடையிலேயே இருக்கட்டும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. கடை இருந்தால்தானே எடுக்க முடியும்! ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃபிளைட் என்ற பெயரில் எம்பி3 கடை திறந்து அடுத்த வருஷமே மூடியது. கூகுள் பிளே மியூசிக் 2020-ல் நின்றது. சந்தா ஆப்களிலும் இதே கதைதான், ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடுவதாக 2024-ல் அறிவித்தார்கள். வாங்கிய உடனே கோப்பை இறக்கி, போனில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

320 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு) என்று போட்டிருந்தால் நல்ல பாட்டு என்று நினைக்காதீர்கள். 128-ல் இருந்த கோப்பை யாரோ 320-ஆக மாற்றி வைத்திருந்தால் அளவுதான் பெருக்கும், போன சத்தம் திரும்பி வராது. ஐந்து நிமிடப் பாட்டு 128-ல் 5 எம்பிக்குள் அடங்கும், 320-ல் 12 எம்பி வரும், மாற்றி வைத்த கோப்பில் அவ்வளவுதான் வித்தியாசம். மைக் செட் போடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், அந்த மாதிரிக் கோப்பைப் பெரிய பாக்ஸில் போட்டால் தாளச் சத்தம் சலசலவென்று கேட்கும். ஐடியூன்ஸில் வருவது 256-ல் ஏஏசி என்ற கோப்பு வகை, பூட்டு கிடையாது. ஆனால் பழைய கார் செட்டுகள் பல எம்பி3 மட்டும் படிக்கும், அங்கே மாற்றித்தான் போட வேண்டும்.

வாங்கும் முன் மாதிரியைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். பக்திப் பாட்டில் இது ரொம்ப முக்கியம், ஒரே தலைப்பில் வேறு ஆள் பாடியது, கரோக்கி, வெறும் இசை எல்லாம் வரிசையாக நிற்கும். கடையில் மெமரி கார்டில் ஆயிரம் பாட்டு ஏற்றிக் கொடுப்பதும், யூடியூபிலிருந்து எம்பி3-ஆக மாற்றித் தருகிற தளங்களும் சட்டப்படியான வழி இல்லை. நீங்கள் கொடுக்கிற காசில் பாடினவருக்கு ஒரு பைசா போகாது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இசையமைப்பாளருக்கும் பாட்டு எழுதினவருக்கும் ராயல்டி உரிமை கொடுத்தார்கள், அது அவர்கள் கைக்கு வர வேண்டுமானால் பாட்டு நேர்வழியில் ஓட வேண்டும்.

சொந்தமாகப் பாட்டு போடுகிற இளைஞர்கள் பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடையில் விற்றால் அங்கேயே வாங்குங்கள். கம்பெனி சுமார் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி அவர்களுக்கு. விலை டாலரில் இருந்தால் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் முதலில் ஆன் செய்ய வேண்டும், ரூபாயாக மாற்றும்போது வங்கி கூடுதலாகக் கொஞ்சம் பிடிக்கும்.

காசு கொடுத்து வாங்கிய பாட்டுத்தானே என்று ஓட்டலிலோ ஜவுளிக்கடையிலோ போடலாமா? கூடாது, அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். மதச் சடங்குக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சட்டமே விலக்கு தருகிறது.

இன்னொன்று, சந்தா வேண்டாம் என்று ஆப்பைப் போனிலிருந்து அழித்தால் சந்தா நின்றுவிடாது. மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கிற யுபிஐ ஆட்டோபேயில் கட்டுகிறவர்கள் அந்தப் பகுதிக்குப் போய், அங்கேயே ரத்து செய்துவிட்டு, அடுத்த மாதம் பணம் போகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.