நேபாள நீர்மின் திட்டத்தில் பணம் போடுமுன்

திட்டத்தை விற்க வருகிறவர் மெகாவாட் கணக்கில்தான் ஆரம்பிப்பார். நான் அதைக் காதில் வாங்குவதே இல்லை. மாசி, பங்குனியில் ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று கேட்பேன். நீங்களும் பல ஆண்டு அளவீடுகளைக் கேளுங்கள்.

நேபாளத்தின் தனியார் நிலையங்களில் பெரும்பாலானவை நீரைத் தேக்காமல் ஓட்டத்திலேயே இயங்குபவை. மின்சார ஆணையம் அவற்றுக்கு யூனிட்டுக்கு மழைக்காலத்தில் 4.80 நேபாள ரூபாயும் வறண்ட மாதங்களில் 8.40 ரூபாயும் தரும். விலை ஏறும்போது ஆறு மெலிந்திருக்கும். வரவைக் கணக்கிடும்போது இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள், சராசரி ஏமாற்றும்.

விற்க வருகிறவர் ஆய்வு உரிமத்தை, அதாவது இடத்தை ஆராய மட்டும் தரும் அனுமதியைக் காட்டினால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். மின் கொள்முதல் ஒப்பந்தமும் உற்பத்தி உரிமமும் வேண்டும். உள்நாட்டு விற்பனைக்கான உரிமம் பொதுவாக 35 ஆண்டு. கட்டுமானத் தாமதம் அந்த ஆண்டுகளைத்தான் தின்னும். மின்பாதை எப்போது தயாராகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.