கிராம சபையில் கணக்குக் கேட்பது எப்படி

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லோருக்கும் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்குப் போனது. 2016-இலிருந்து 2019 வரையும் இதே நிலைதான். அப்படிப்பட்ட காலத்தில் "தலைவரே இல்லை, யாரிடம் போய்க் கேட்பது" என்று ஊர் வாயை மூடிக்கொள்கிறது. வேலை எடுக்கும் கட்சிக்காரருக்கு அதைவிட வசதி ஏது? ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதெல்லாம் வாக்குச்சீட்டோடு சரி, பல ஊர்களில் கான்ட்ராக்ட் யாருக்கு என்பது கட்சிக்குள்தான் முடிவாகிறது. நாற்காலியில் யார் இருந்தாலும் கிராம சபை உண்டு, அங்கே கேட்கலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – இந்த ஆறு நாளும் கூட்டம் நடக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள், தெருவில் நாலு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். தனி ஆளை உட்கார வைப்பது சுலபம்.

வரவு செலவு அறிக்கைக்குப் படிவம் 30 என்று பெயர். அதைச் சபையில் வாசிக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் கடகடவென்று படித்துவிட்டு அடுத்த பொருளுக்குத் தாவுவார்கள், அங்கேதான் நிறுத்த வேண்டும். "ஊழல்" என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும், கணக்கு அப்படியே போய்விடும். அதனால் சின்னதாகக் கேளுங்கள். "மோட்டார் பழுது" என்று ஒரு வரி இருக்கும். எந்தத் தொட்டி மோட்டார், எந்த மாதம், காயில் கட்டியது யார், பில் எங்கே? தண்ணீர் திறந்துவிடும் தொட்டி ஆபரேட்டர் அங்கேயே நிற்பார், மோட்டார் எப்போது ஓடவில்லை என்று அவருக்குத் தெரியும். தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், பைப்லைன் எல்லாவற்றுக்கும் இதே மாதிரிதான்.

அப்புறம் தீர்மானப் புத்தகம். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், முதலில் கையெழுத்து வாங்குவது அவர்களிடம்தான். தீர்மானத்தை எழுதி, வாசிக்கச் சொல்லி, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "முறைகேடு நடந்ததா" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரையிலான பில், வவுச்சர் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நாள் கணக்கு தவறக்கூடாது, அதனால் தபால் ரசீதை மனு நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.